மெசேஜ் வராத மாதம்

"ஒரு வார்த்தை சொல்லாம அபராதம்னு பணத்தை எடுத்துட்டானுங்க. இது பேங்க்கா, வழிப்பறிக் கூட்டமா?"

அப்பா வேன் சாவியை வீசிய வீச்சில் மேஜை ஆடி, அக்காவின் டீ பாதி கீழே போனது.

விஷயம் இதுதான். அப்பா ஓட்டுவது சரக்கு வேன். அதன் தவணையை மாதாமாதம் பேங்க்கே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுக்கிற அன்று பணம் குறைந்தால் அபராதம், தவணையும் நின்றுவிடும். இந்த மாதம் அப்படித்தான் நின்றது. அடுத்ததும் நின்றால் வேனை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்பாவுக்கு வரவு செலவு எதுவும் மண்டையில் தங்காது. மெசேஜ்தான் அவருக்கு மூளை. 'கணக்கில் பணம் குறைவு. தவணை நாள் நெருங்குகிறது. உடனே போடவும்' என்று வந்தால் போதும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடுவார். முதல் மெசேஜ் வந்த அன்றே அந்த நம்பருக்கு 'பேங்க்' என்று பெயர் வைத்துவிட்டார். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் ஒரு பைசா அபராதம் கட்டியதில்லை.

ஒருமுறை, 'வெயிலில் அலையாமல் காலையிலேயே போட்டுவிடவும்' என்றுகூட வந்தது. அதைத் தெரு முழுக்கக் காட்டினார். கூடப் பிறந்ததே குழி பறிக்கிற காலத்தில், முகம் தெரியாத எவனோ ஒரு பேங்க்காரன் நான் வெயிலில் வாடக் கூடாதென்று நினைக்கிறான் பார் என்று அன்றைக்குக் கண் கலங்கினார்.

அதே பேங்க்காரனைத்தான் இப்போது ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் நேரிலேயே சண்டைக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்த மேடம் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மெசேஜ் போயிருக்கு சார் என்றார்களாம். இவர் போனை நீட்டி, எங்கே போயிருக்கு, சுற்றுலாவுக்கா என்று கேட்டாராம். போயிருக்கு சார் என்று அந்த மேடம் மறுபடியும் அதையே சொல்ல, இவர் கத்த, கடைசியில் காவலாளி தோளில் கை போட்டு வாசல்வரை வழியனுப்பியிருக்கிறார்.

அப்பா குளிக்கப் போனதும் மொத்தத்தையும் அக்காவுக்கு நடித்துக் காட்டினேன். பார்க்காத மேடத்துக்கு ஒரு மூக்குக் குரல், காவலாளிக்கு ஒரு கட்டைக் குரல், நடுவில் அப்பாவின் கனைப்பு. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். அவ்வளவுதான், எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. தலைமை ஆசிரியர் குரலில் பக்கத்து வகுப்புக்கே லீவு விட்டவன் நான். பேங்க் எம்மாத்திரம்?

அப்பாவின் போன் மேஜை மேலேயே கிடந்தது.

"அந்த நம்பருக்கே போட்டு, அப்பா குரல்ல நாலு கேள்வி கேட்கட்டுமா?"

"உதை வாங்கப் போறே," என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரையும் அவளே போட்டுவிட்டாள்.

மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"என்ன பேங்க் நடத்துறீங்க? வருஷக்கணக்கா ஒழுங்கா வந்த மெசேஜ் இந்த மாசம் ஏன் வரலை? உங்களை நம்பித்தானே உக்காந்திருந்தேன். வேனைப் பிடுங்கிட்டா என் புள்ளைங்க தெருவுக்கு வந்துடும், தெரியுமில்ல?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பிறகு ஒரு பெண்குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அண்ணே... நீயா பேசறே?"

அக்காவின் குலுக்கல் சட்டென்று நின்றது. "அத்தைடா," என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா வீட்டை விற்ற பணத்தை அமுக்கிவிட்டாள் என்று சொல்லி, நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போதே அப்பா தலைமுழுகிவிட்ட தங்கை. அன்றைக்கே அவள் நம்பரைப் போனிலிருந்து அழித்தார். அவள் பேச்சை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

"கணக்கு ஆரம்பிச்சப்ப உன்கிட்ட போன் இல்லைன்னு என் நம்பரைத்தானே எழுதிக் கொடுத்தே. அதை நீ மாத்தவே இல்லைண்ணே. பேங்க் மெசேஜ் எல்லாம் இன்னும் எனக்குத்தான் வருது. என் பேரைப் போட்டா நீ படிக்க மாட்டேன்னு, பேங்க் மாதிரியே எழுதி அனுப்பிட்டிருந்தேன்."

வைத்துவிடு என்று அக்கா ஜாடை காட்டினாள். என் விரல் நகரவில்லை.

"இந்த மாசம் எனக்கு ஆபரேஷன். இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கிடக்கேன். கண் முழிச்சுப் போனை வாங்கிப் பார்க்கிறதுக்குள்ள தேதி தாண்டிடுச்சு. அந்த அபராதத்தை நான் கட்டிடறேன். திட்டாதேண்ணே."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை.

"ஆனா ஒண்ணு. மெசேஜ் சரியா வந்திருந்தா நீ என்னைக் கூப்பிட்டிருப்பியா?"

நான் வாயைத் திறந்தேன். எந்தக் குரலும் வரவில்லை, யாருடையதும்.

தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஈரத் துண்டோடு அப்பா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

முதுகில் விழப்போகிற அடிக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. என்னை அவர் பார்க்கக்கூட இல்லை. கையை நீட்டிப் போனை எடுத்தார். ஸ்பீக்கரை அணைக்காமலே காதில் வைத்துக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"