மேலிருந்து பார்த்த கடலைக்காடு

மேசைமேல் வைத்த கடலைச்செடி பச்சைப்பசேலென்று இருந்தது. அதுதான் சகாயராணி செய்த தப்பு.

வாடிவிடக் கூடாதே என்று ஈரச்சாக்கில் சுற்றி, குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல் விவசாய ஆபீஸ் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். செடியை யாருக்குக் கொடுத்தாலும் வாடாமல் கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். வெள்ளாமை போச்சு என்று சாட்சி சொல்ல வந்த செடி, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி கிடந்தது.

"நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் விவசாய அதிகாரி.

"வேரப் பாருங்க சார். ஒரு காய் இருக்கா?"

பிஞ்சுகூட இல்லை. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்க வேண்டிய புரட்டாசியில் வானம் ஒரு பொட்டுத் தண்ணீர் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஐப்பசியில் வந்து கொட்டித் தீர்த்தது. செடி தழைத்தது, பூத்தது. காய்க்கத்தான் காலமில்லை.

வறட்சி நிவாரணம் வந்தால் மகள் கிளாரா பதினொன்றாம் வகுப்பைத் தொடர்வாள். வராவிட்டால் மில்லு விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். சுற்றுப்பட்டுப் பிள்ளைகளை ஏற்றிப்போக மில்லு வேன் இன்று சாயங்காலம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறது. ஏஜெண்டு வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கிளாரா ஆபீஸ் மாடிக்குக் கீழே வேப்பமரத்தடியில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்திருந்தாள். பெரிய பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, புத்தகம் இல்லாமல் எங்கும் வராது. அவளிடம் வேனைப் பற்றிச் சொல்ல சகாயராணிக்கு வாய் வரவில்லை. துணிமணியைக்கூடப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அதிகாரி நல்ல மனிதர். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். செயற்கைக்கோள் எடுத்த படம். அவள் ஊர் முழுக்கப் பச்சை. பக்கத்து ஊர் வெறும் செம்மண்.

"பச்சையா இருக்குற ஊருக்கு நிவாரணம் எழுத முடியாதும்மா. மேல இருந்து வேர் தெரியாதுல்ல."

பக்கத்து ஊர்க்காரர்கள் செடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டிருந்தார்கள். இவள் ஊரில் பூத்து நிற்கிற செடியைப் பிடுங்க யாருக்கும் கை வராது, பாவம் என்பார்கள். சாட்சிக்கு நாலு செடி பிடுங்கவே இவளுக்கு மனம் வரவில்லை. நேற்று கிளாராதான் பிடுங்கிக் கொடுத்தாள். பாவத்துக்குப் பயந்த ஊர் வானத்திலிருந்து பார்க்கச் செழிப்பாகத் தெரிந்தது.

படத்தில் ரோட்டோரம் வெள்ளையாக ஒரு கட்டம் பளபளத்தது. என்னவென்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"புது ஸ்பின்னிங் மில்லு. உங்க பக்கமும் வளருதும்மா."

சகாயராணி செடியை மறுபடி ஈரச்சாக்கில் சுற்றினாள். இனி எதற்கு என்று தெரியவில்லை, கை அதுபாட்டுக்குச் சுற்றியது.

படியிறங்கி வந்து மகள் முன்னால் நின்றாள். எப்படித் தொடங்குவது? மாதாவே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

"தாயி..." என்றாள்.

கிளாரா எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பள்ளிக்கூடப் பையைத் தூக்கும்போது உள்ளே தட்டும் டம்ளரும் இடித்துச் சத்தம் கேட்டது. மூடாத வாய்வழியே மடித்து வைத்த தாவணி தெரிந்தது. புத்தகம் ஒன்றுகூட இல்லை.

"நேத்துப் பிடுங்கும்போதே வேரப் பாத்துட்டேம்மா. வா, வேன் போயிரும்."