ஆப்பிரிக்காக்காரம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி

"அங்க கிறிஸ்மஸ்னா வெயில் மண்டையப் பொளக்குமுங்க. டிசம்பர்தான் அந்த ஊருக்கு நல்ல கோடை" என்றார் மரியநாயகி.

ஐவி கண்ணாடி அலுமாரியைத் திறந்து, தங்க விளிம்பு வைத்த கோப்பைகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய கிளாக்கரின் மனைவி அவள். அக்கரப்பத்தனைப் பக்கம் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருடத்தில் அந்தக் கோப்பைகள் அலுமாரியை விட்டு இறங்கியதே இல்லை. இறக்கி வைக்கிற தகுதி இங்கே எவளுக்கு இருக்கிறது?

இந்த அம்மாவுக்கு இருந்தது. போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பார்த்தாள். முழங்கால் வரை நீண்ட கம்பளிக் கோட்டு, தோல் கைப்பை, சாமியாரோடு இங்கிலீஷில் பேச்சு. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் ஏழு வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறாராம். ஒரே மகனாம், இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம்.

அதற்குமேல் ஐவி எதையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தேத்தண்ணிக்கு அழைத்துவிட்டாள். தாயே இப்படி இருந்தால் மகன் அங்கே எத்தனை பெரிய உத்தியோகத்தில் இருப்பான்!

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் ஜன்னலோரத்தில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தது. மகள் பெற்றீசியா, ஹட்டனில் படிப்பிக்கிற அலோசியஸ் வாத்தியாரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வாத்தியாரோ கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தவன். தை பிறப்பதற்குள் நல்ல இடமாகப் பார்த்து மோதிரம் மாற்றிவிடாவிட்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று ஐவி பயந்தாள்.

"லீவுக்கெல்லாம் எங்கயாச்சும் போவீங்களாக்கா?" என்று குழைந்தாள்.

"போகாம? கேக்கு, கோழி, ஐஸ் பெட்டி எல்லாத்தையும் காருல ஏத்திக்கிட்டுக் கெளம்பிருவோம். ஒரு வருசம் ஏரிக்கரை. ஒரு வருசம் விக்டோரியா நீர்வீழ்ச்சி. கிட்டப் போனா அடமழையில நின்ன மாதிரி நனைஞ்சிருவோம்."

"நம்ம சென்கிளேயர் அருவியும் இருக்கே, ஒழுகுற தண்ணிப் பீலி மாதிரி" என்று ஐவி உதட்டைப் பிதுக்கினாள். அதையும் இதே ஐவி போன வருடம் பஸ் பிடித்துப் போய் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வந்தவள்தான்.

"ஒரு கிறிஸ்மஸு டேர்பன் கடற்கரையில. மூணு பிள்ளைகளும் காலையில எறங்குனா பொழுது சாயிற வரைக்கும் கடல்லயே கெடந்து பெரளுங்க. நான் துண்ட வச்சுக்கிட்டுக் கரையில நிப்பேன்."

பெரிய இடத்துப் பெண்கள் அப்படித்தான், கண்ட தண்ணீரில் எல்லாம் சேலையை நனைக்க மாட்டார்கள் என்று ஐவி நினைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய அதிசயம் அப்போது நடந்தது. மூன்று நாளாகத் தாயிடம் முகம் கொடுத்துப் பேசாத பெற்றீசியா தானாக எழுந்து வந்து, விருந்தாளிக்குத் தன் கையால் கேக் வெட்டி வைத்தாள். ஐவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆப்பிரிக்கா என்றதும் கழுதைக்குப் புத்தி வந்துவிட்டது.

அந்தத் தெம்பில் கோப்பையை நிரப்பி நீட்டினாள். "நானும் தராதரம் பாத்துத்தான் பழகுவேங்க்கா. போன வாரம் ஒரு கொழுந்துக்காரி வந்து நிக்கிறா. காலுல அட்டை கடிச்ச ரத்தம்கூடக் காயல. லயத்து வாத்தியாருக்கு எம் பொண்ணு வேணுமாம். என் கால் தூசி பெற மாட்டா."

"உள்ள கூப்பிட்டு உக்கார வச்சீங்களா?"

"நல்லாருக்கே. பின்வாசப் படியில நிக்க வச்சு, காலிப் பால் டின்னுல தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். என்னமோ சொல்ல வந்தா. நான் காது குடுக்கல. குடிச்சிட்டு நடையக் கட்டுன்னு அனுப்பிட்டேன்."

மரியநாயகி கோப்பையை வாங்கினார். ஆனால் வாயில் வைக்கவில்லை. "அந்த டின்னு இன்னும் இருக்குதுங்களா?"

"பின்னாலதான் கெடக்கு. இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே வச்சிருக்கேன். அந்தக் கருமத்த விடுங்க. உங்க மகன் மலாவியில என்ன வேலையா இருக்காரு?"

"அவன் மலாவியக் கண்ணால பாத்ததில்ல." மரியநாயகியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கவர்மெண்டு தோட்டத்த எடுத்தப்ப, இங்க இருந்த வெள்ளக்காரத் தொர குடும்பத்தோட அங்க போயிட்டாரு. நான் ஆயாவாக் கூடப் போனேன். கடல்ல குளிச்ச மூணும் தொர பிள்ளைங்க. இந்தக் கோட்டும் தொரசாணி போட்டுக் கழிச்சதுதான்."

ஓர் ஆயாவுக்கா தங்க விளிம்பை இறக்கினோம் என்பதுதான் ஐவிக்கு முதலில் உறைத்தது. "அப்ப, உங்க பிள்ளை?" என்று வாய் மட்டும் கேட்டது.

"நான் ஊரான் பிள்ளைய வளக்கப் போயிட்டேன். எம் பிள்ளைய என் தங்கச்சி இங்க லயத்துல வச்சு வளத்து, வாத்தியாராக்கி விட்டுட்டா."

மரியநாயகி எழுந்தார். தொடாத தேத்தண்ணியைத் தங்க விளிம்புக் கோப்பையோடு ஐவியின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இத அந்த டின்னுல ஊத்திக் குடுங்க கிளாக்கரம்மா. போன வாரம் அதுல குடிச்சவதான் என் தங்கச்சி."