செவ்வாய்க்கிழமை வண்டி

"பன்னிரண்டு" என்றார் பரக்கத் அலி.

"எது பன்னிரண்டு?" சாப்பாட்டுக் கூடையை மேசையில் வைத்தபடி கேட்டாள் ரஷீதா.

"எதிர்க்கடைக்குக் காலையிலேருந்து வந்த டயர். நமக்கு வந்தது மூணு."

"நீங்க டயர் வேலை பார்க்கிறீங்களா, இல்லை பெனடிக்ட் கடைக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிறீங்களா?"

பரக்கத் அலி மனைவி வைத்த கூடையை ஓரமாகத் தள்ளினார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டித் தரும் கடை, அரியமங்கலத்தில் அந்த ரோட்டில் இருபது வருஷமாக அவருடையது ஒன்றுதான் இருந்தது. பெனடிக்ட் அவரிடம் ஆறு வருஷம் வேலை பழகியவன். எதிரிலேயே தனிக்கடை போட்டபோதுகூட, பிழைத்துப் போகட்டும் என்றுதான் இருந்தார்.

போன ஆடியில் அவன் வாசலில் ஒரு பச்சை போர்டு ஏறியது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத கடை என்று சான்றிதழ். அதைப் பார்த்து ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று தன் இருபத்திரண்டு பஸ்ஸையும் அவனிடம் அனுப்பிவிட்டது. அதுவரை அந்த இருபத்திரண்டும் பரக்கத் அலியிடம் வந்துகொண்டிருந்தவை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"டயர் உள்ளே வந்ததும், மாறிப் போகாம இருக்கக் காய்ச்சின இரும்பால பக்கவாட்டுல கடைப் பேரெழுத்தும் நம்பரும் சுடணும். அதைக்கூட நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். போர்டு மட்டும் அவனுக்கு."

"உங்களையும் அதுக்கு எழுதிப் போடச் சொல்லி அந்தப் பிள்ளை வந்து கேட்டுச்சே. நீங்கதானே வேணாம்னீங்க?"

"அவன் சொல்லி நான் எழுதிப் போடணுமா?"

ரஷீதா சோற்றைப் பரிமாறினாள். அவர் எதிர்க்கடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் யோக்கியதை எனக்குத் தெரியும். பதினொரு செவ்வாய்க்கிழமை எண்ணி வச்சிருக்கேன். சேக் மைதீனோட குட்டி யானை வண்டி காலையில பத்து மணிக்கு அவன் கொட்டகைக்குப் பின்னாடி போகுது. இருபது நிமிஷம் நிக்குது. போகும்போதும் வரும்போதும் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. போர்டு முன்னாடி, திருட்டுத்தனம் பின்னாடி."

சேக் மைதீன் பழைய டயர் வியாபாரி. இனி எதற்கும் தேறாத டயர்களை வாங்கிக் குட்டி யானையில் ஏற்றி, மருங்காபுரிப் பக்கத்தில் டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் ஒரு கள்ள உலைக்குப் போடுகிறவர். அந்த உலை புகைந்தால் கொடியில் காயும் வேட்டி கறுத்துப் போகும்.

"திங்கட்கிழமை அதே வண்டி நம்ம கொல்லைப் பக்கமும்தானே வந்து நிக்குது?" என்றாள் ரஷீதா.

"நாம போடுறது நாலோ அஞ்சோ. நம்ம வாசல்ல என்ன பச்சை போர்டா தொங்குது?"

மறுநாளே மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதினார். பதினொரு தேதியும் வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். பெயர் போட வேண்டிய இடத்தில் 'பொதுநலம் விரும்பி' என்று முடித்தார். சான்றிதழ் போனால் போர்டு இறங்கும். போர்டு இறங்கினால் இருபத்திரண்டு பஸ்ஸும் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும்.

அடுத்த செவ்வாய், பத்து மணிக்குக் குட்டி யானை உள்ளே போனது. பத்து ஐந்துக்கு ஜீப் வந்தது. அனிஷா என்ற அதிகாரி இறங்கி நேரே கொட்டகைக்குப் பின்னால் போனார். பரக்கத் அலியும் கையில் டீ கிளாசோடு, சும்மா வந்தவர் போலப் பின்னால் போனார்.

அங்கே பெனடிக்ட் டயர்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். ஏற்றவில்லை.

"இதெல்லாம் உலைக்குப் போற டயர்தானே?" என்று கேட்டார் அனிஷா.

சேக் மைதீன் தலையைச் சொறிந்தார். "போக வேண்டியதுதாங்க மேடம். இவர் விட மாட்டேங்கிறார். உலைக்காரன் கொடுக்கிறதுக்கு மேலே கொடுத்து வாங்கிடுறார்."

"வாங்கி என்ன செய்றீங்க?"

"தூளாக்கி, ரோடு போடுற தாரோட கலக்கிற கம்பெனிக்கு அனுப்புறேன் மேடம்." பெனடிக்ட் ரசீதுக் கட்டை எடுத்து நீட்டினான். "கைநஷ்டம்தான். புகையாப் போறதுக்கு ரோடாக் கிடக்கட்டுமே."

அனிஷா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. யாரோ வயித்தெரிச்சல்ல எழுதியிருக்காங்க. பொதுநலம் விரும்பியாம்."

பரக்கத் அலி கிளாசை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஆனா ஒண்ணு" என்றார் அனிஷா. "இதை உலைக்கு அனுப்புறது எந்தக் கடை? தெரிஞ்சா இன்னிக்கே பூட்டுப் போட்டுடுவேன். இதோ, இதுல ஏதோ நம்பர் சுட்டிருக்கே?"

அவர் குனிவதற்குள் பெனடிக்ட் அந்த டயரைப் புரட்டிப் போட்டு, மேலே இன்னொன்றைத் தூக்கி வைத்தான்.

"ரொம்பப் பழசுங்க மேடம். அழிஞ்சு போச்சு. எந்தக் கடைன்னு தெரியலை."

"நாலு ஊர்ல பொறுக்குறதுங்க மேடம், எனக்கும் ஞாபகம் இல்லை" என்றார் சேக் மைதீன், கொட்டகைக் கூரையைப் பார்த்தபடி.

ஜீப் போனது. பெனடிக்ட் மேலே இருந்த டயரை இறக்கிவிட்டு, அடியில் இருந்ததை எடுத்து நிமிர்த்திப் பரக்கத் அலியின் பக்கம் திருப்பினான். அவர் கையாலேயே சுட்டது, ஒரு கோடு பிசகாமல் இருந்தது: ப.அ. 417.

"அடுத்த வாரத்திலேருந்து நேரா இங்கேயே உருட்டி விடுங்க பாய்" என்றான். "இந்த ரோட்டைத் தாண்ட எதுக்கு ஒரு வண்டி?"