மேடைக்கு முதுகு

மூன்றாம் வரிசைத் துணி வியாபாரி வாயைத் திறந்தார்.

கொட்டாவி என்றால் அப்படியொரு கொட்டாவி. கடைவாய்ப் பல்லின் சொத்தை வரைக்கும் தெரிந்தது.

அவனுடைய கை தானாகப் பென்சிலை எடுத்தது. எடுத்த கையை அவனே மற்ற கையால் தட்டிவிட்டான்.

இன்றைக்கு வேண்டாம்.

அவன் முதுகுக்குப் பின்னால் மேடை. மேடையில் அவன் மனைவி ஒதீல். ராணி வேஷம். கடைசி அங்கத்தில் விஷம் குடித்துச் சாக வேண்டும்.

பாரிஸ் நகரத்தில் அவன் உட்காராத நாடகக் கொட்டகை இல்லை. பார்த்த நாடகம் என்று ஒன்றுகூட இல்லை. வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, சபையைப் பார்த்து உட்காருவான். மூக்கைச் சிந்துகிறவர்கள், எச்சில் ஒழுகத் தூங்குகிறவர்கள், கதாநாயகன் சாகும்போது ஆரஞ்சு உரிக்கிறவர்கள். எல்லாரையும் கேலிப்படமாக்கி, கல்லில் ஏற்றி அச்செடுத்து, வாரப் பத்திரிகைக்குக் கொடுப்பான். அதே ஜனங்கள் படக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் முண்டியடித்து நின்று, பக்கத்து வீட்டுக்காரன் வசமாக மாட்டிக்கொண்டான் என்று சிரிப்பார்கள். தன் மூக்கு மட்டும் யாருக்கும் அடையாளம் தெரியாது.

நல்ல பிழைப்புதான். ஆனால் அலுத்துவிட்டது. வருஷக்கணக்காக ஊராரின் திறந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமா? பல் வைத்தியனுக்காவது கடைசியில் ஒரு நன்றி கிடைக்கும்.

மேடை விளிம்பில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. நடிக்கிறவர்களுக்கு அந்த விளக்குகளைத் தாண்டி ஒன்றும் தெரியாது. வெறும் இருட்டு. அவன் முதுகு மட்டும் வெளிச்சத்தில் தெரியும்.

ஒதீலுக்கு அது போதும். அவன் முழங்கை ஓயாமல் ஆடினால், சபை தூங்குகிறது. முழங்கை நின்றுவிட்டால், சபை அவள் பக்கம்.

கொட்டகை முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். இன்றைக்கு ராணி சாகும்போது சபை அழ வேண்டும். அழாவிட்டால் நாளை முதல் ராணி வேறொருத்தி. ஒதீலுக்கு இனிமேல் தாதி வேஷம்தான்.

முகத்துக்குப் பவுடர் போடும்போது அவள் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“இன்னிக்கு உன் கை ஓடக் கூடாதுப்பா.”

சபை தூங்கக் கூடாது என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அவன் அதைத் தன் கைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான்.

இப்படியொரு அறுவடையை அவன் கண்டதில்லை. ஒரு குடும்பமே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிழவரின் பொய்முடி காதில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு சீமாட்டி கொட்டாவியை விசிறியால் மறைக்கப் பார்த்தாள். விசிறி போதவில்லை.

கை அரித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

பின்னால் அவள் குரல் நிமிர்ந்தது.

முழங்கை ஆடாத முதுகைப் பார்த்துவிட்டாள்.

குரலில் சந்தோஷம் வந்தது. சாகிற ராணிக்கு வரவே கூடாத சந்தோஷம். ஒவ்வொரு சொல்லாக இழுத்து, நிறுத்தி, ஆற அமரச் சாகத் தொடங்கினாள்.

சபை தன் தொப்பியைத் தேடியது.

மேல்மாடத்தில் சிலர் எழுந்துவிட்டார்கள். முதலாளி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் என்னோடு இருங்கள்” என்றாள் ராணி, தோழிகளிடம்.

நாடகத்தின் வசனம் ஒன்று அவன் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

தன்னால் வந்த வினை. கையை ஓடவிட்டிருந்தால் அவள் நாலு வரியில் செத்திருப்பாள், மானமாவது மிஞ்சியிருக்கும். இப்போது எழுந்துபோகிறவர்களின் முதுகுக்கு முன்னால் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், எல்லாரும் உருகுகிறார்கள் என்று நம்பிக்கொண்டு.

அவனுக்குப் பொறுக்கவில்லை. அழுதான்.

கண்ணீர் விட்டான் என்று நாகரிகமாகச் சொல்ல முடியாது. மூக்கும் சேர்ந்து ஒழுகியது. சட்டைக் கையால் துடைக்கத் துடைக்க வந்தது.

விசிறிச் சீமாட்டி அதைக் கவனித்தாள். கண்ணை இடுக்கி அவனைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். அவளுடைய கீழுதடு துடித்தது.

அவளைப் பார்த்துப் பின்வரிசைக்காரி கைக்குட்டையை எடுத்தாள். துணி வியாபாரியை அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், எல்லாரும் அழுதார்கள், ஊரோடு ஒத்து அவரும் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் அவருக்கே நிஜமாக வந்துவிட்டது. எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

கொட்டகை முழுக்க அழுகை. பார் ஒதீல், பார் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. எங்கே கத்துவது, அழுகையை அடக்கவே முடியவில்லை. தோள்கள் குலுங்கின.

அவன் சிரிக்கும்போதும் சத்தம் வராது. தோள்கள்தான் குலுங்கும். அவளுக்குத் தெரியும்.

பின்னால் அவள் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

மறுபடி வரவே இல்லை.

ராணியின் உயிர் போய்விட்டது என்று சபை வாய்விட்டு அழுதது. திரை இறங்கியது. கைதட்டலில் விளக்குகள் அதிர்ந்தன.

வேஷ அறைக்கு முதலாளியே நேரில் வந்தார். ராணி வேஷம் இனி என்றைக்கும் அவளுக்குத்தான் என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போனபிறகு கிரீடத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். வாசலில் நின்றவனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“நான் சாகறப்ப உனக்கு அப்படி என்ன சிரிப்பு?”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வந்திருந்தான்.