சிவப்பு சோடா

"இந்தப் பொம்மை வேண்டாம் தங்கச்சி. திருப்பி எடுத்துக்க," என்றாள் பென்ஜித் போனில்.

சியாங்மாய் நகரில் பழைய பொம்மைகளை இணையத்தில் விற்கும் சுதாரத்துக்கு எரிச்சல் வந்தது. "என்னக்கா, கீறலா? விரிசலா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு பிள்ளையோட ஆவி குடியிருக்கிற பொம்மைன்னுதானே வித்தே? அதுக்குப் படையலா தினமும் சிவப்பு சோடா வைக்கிறேன். துளிகூடக் குறையல."

"இங்க இருந்தவரைக்கும் நல்லாத்தானே குடிச்சுது? நீங்க பாசமாக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க. திருப்பியெல்லாம் எடுக்க முடியாதுக்கா," என்று போனை வைத்தாள்.

பொம்மை இருந்த இடம் அலமாரியில் காலியாகக் கிடந்தது. பழக்கதோஷத்தில் காலையில் அங்கே வைத்த சோடா பாதியாகியிருந்தது. உறிஞ்சுகுழல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சுதாரத் மறுபடி போனை எடுத்தாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா, பொம்மையை அனுப்பிடுங்க. பிள்ளை இங்கேயேதான் இருக்கு. பார்சல் கட்டும்போது, கிளம்பலாம்னு அதுகிட்ட சொல்ல மறந்துட்டேன்."