வயிற்றுக்குள் வானொலி

செவலை என்கிற வெள்ளாட்டுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் மென்றுவிடும் வழக்கம். ஒருநாள் பசி அவசரத்தில், தழையோடு தழையாகத் தன்னுடைய குட்டி ரேடியோவையே விழுங்கிவிட்டது. வயிறு கடமுடவென்று உருண்டது. வலியில் உயிர் போனது. தான் சேர்ந்திருந்த வானொலி நேயர்களின் இணையக் குழுவில், "ஐயோ, வயிறு வலிக்குது, யாராவது வழி சொல்லுங்களேன்!" என்று எழுதியது.

அட்மின் கழுதை உடனே அதை அழித்தது. "இங்கே வானொலியைப் பத்தி மட்டும்தான் பேசணும். வயித்து வலியை வைத்தியர் குழுவுல போடுங்க."

"ரேடியோ என் வயித்துக்குள்ளதாங்க பாடுது!" என்று ஆடு அழாத குறையாக எழுதியது.

குழுவே துள்ளி எழுந்தது. "எந்த அலைவரிசை?" என்றது கொக்கு.

"கொஞ்சம் கிழக்கே திரும்பி நின்னு, குரல்பதிவு அனுப்புங்க," என்றது கழுதை.

ஆடு அப்படியே செய்தது. நடுவில் விக்கல் வந்ததில் வானொலிச் செய்தி போய் நாதஸ்வரம் கேட்டது. "அருமை! இன்னொரு தடவை விக்குங்க!" என்று எல்லோரும் கெஞ்சினார்கள். வலிக்கு வழி சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் அசைபோடும்போது ரேடியோ தொண்டைவரை ஏறி, பொத்தென்று வெளியே விழுந்தது. ஆட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பிழைச்சுட்டேன்! வயித்துல இப்ப ஒண்ணுமே இல்ல!" என்று ஆனந்தமாக எழுதியது.

"ரொம்ப சந்தோஷம்," என்றது கழுதை. "ஆனா, ரேடியோ இல்லாத வயித்தைப் பத்தி இங்கே பேசக் கூடாது."

அடுத்த நிமிஷமே ஆட்டைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டது.