அருந்ததி தெரியுதோ?

அலுவலகங்களைத் துடைத்துவிட்டு வந்த புவனராணி சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். குளிர்தேசத்து ஊரான ஹவுகெட்டோவில் பின்னேரமே இருட்டிவிட்டது. பென்சன் எடுத்த கணவர் குகதாசன் பல்கனியில் நின்று, நட்சத்திரம் காட்டும் செயலியை வானத்துக்குப் பிடித்தார்.

"இஞ்சரப்பா, முகிலுக்குப் பின்னாலை நிக்கிறதையும் இது காட்டுது. வசிட்டர் நிக்கிறார். பக்கத்திலை அருந்ததியைக் காணேல்லை."

"கலியாணத்தண்டும் நீங்கள் காணேல்லை. கண்டனான் எண்டு ஐயருக்குப் பொய் சொன்னனீங்கள்."

அருந்ததி தெரியாதவருக்கு ஆறு மாதந்தான் ஆயுள் என்று ஊரில் சொல்வார்கள். இருவருக்கும் அது தெரியும்.

அவள் எழுந்துபோய் ஃபோனை வாங்கினாள். வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததி இருந்தது. திருப்பிக் கொடுத்தாள். இல்லை. தன் ஃபோனிலும் அந்தச் செயலியை இறக்கிக் கொடுத்தாள். அவர் கைக்குப் போனதும் அதிலும் இல்லை.

"பழுதாக்கும்," என்றார் குகதாசன்.

"ஓம், பழுதுதான். குளிருது, உள்ளை வாங்கோ."

அவர் அசையவில்லை. அவள் பக்கத்தில் போய், அவர் கைக்கு மேல் தன் கையை வைத்து ஃபோனைப் பிடித்தாள். திரையில் அருந்ததி வந்தது.

"தெரியுதோ?"

"ஓம், தெரியுது. கையை எடுக்காதை."

நாள் முழுக்கத் துடைத்த கை வலித்தது. அவள் எடுக்கவில்லை.